கையெழுத்துள்ள பாதி

செந்த் ஓலிவ், ஹைட்டி
14 அக்டோபர் 1917

அன்புள்ள அக்காவுக்கு வெண்டல் எழுதுவது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டொலீடோவில் குளிர் தொடங்கியிருக்கும். மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்? ஆலை ஆலையாகப் படியேறி முதலாளிகளைத் திட்டுவதற்குத்தானே மாநில அரசு உனக்குச் சம்பளம் கொடுக்கிறது. நான் சௌக்கியம். வந்த புதிதில் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது பார்த்ததையெல்லாம் தின்கிறேன்.

என்னை ரோடு போடச் சொல்லியிருக்கிறார்கள், சிரிக்காதே. என் வயதுப் பையன்கள் எல்லாரும் ஜெர்மன்காரனோடு சண்டை போட பிரான்சுக்குக் கப்பலேறுகிறார்கள். நான் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு மண்வெட்டிக்காரர்களை மேய்க்கிறேன். எங்கள் அமெரிக்கப் படை இந்த நாட்டில் இறங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கழுதைத் தடம்தான் உண்டு. மேஜர் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ப்ரூவிட், ஆகஸ்டுக்குள்ள என் காரு மலையைத் தாண்டணும். தாண்டுச்சா, மறுவாரமே உனக்குப் பிரான்சு. தாண்டலையா, இங்கேயே கிடந்து வாழைப்பழம் தின்னு."

இந்த நாட்டுச் சட்டப்படியே ஒவ்வொரு ஆணும் வருஷத்துக்கு மூன்று நாள் தன் ஊர்ச் சாலையில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். ஐம்பது வருஷத்துச் சட்டம், எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள். நாங்கள்தான் தூசு தட்டி எடுத்தோம். ஆனால் எங்கள் காவலர்கள் தலையைக் கண்டதும் ஊரே மலைக்கு ஓடிவிடுகிறது. "மூணு நாளுன்னு கூட்டிட்டுப் போவாங்க, எப்ப விடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்கிறார்களாம். ஊர்ப் பள்ளி ஆசிரியர் லாபோந் சொன்னார். எனக்கு மொழிபெயர்ப்பாளர் அவர்தான். நம்பாதவனை வேலைக்கு எப்படி வரவைப்பது? நீ ஒரு யோசனை சொல்.

என் கையெழுத்தைப் பார்த்து லாபோந்துக்கு ஒரே சிரிப்பு. "முதல் எழுத்துக்குத் தூண்டில் முள்ளு மாதிரி எதுக்கு சார் ஒரு வாலு?" என்று கேட்டார். எங்கள் அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வெண்டல்


டொலீடோ, ஒஹையோ
9 நவம்பர் 1917

அருமைத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. காய்ச்சலில் கிடந்ததை எழுந்து உட்கார்ந்த பிறகு சொல்கிறாய், நல்ல பிள்ளை. முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நானும் என் பாட்டுக்கு நடக்கிறேன்.

தூண்டில் முள் என்றாரா உன் வாத்தியார்? நாலு வயதில் நீ பேனாவைத் தொடவே மாட்டாய். அம்மா போய்ச் சேர்ந்த அந்தக் குளிர்காலத்தில், சமையல் மேசையில் மாவைப் பரப்பி உன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கினேன். கடைசிக் கோட்டில் நீ கையை வெடுக்கென்று இழுப்பாய், அதில் விழுந்த வால் அது. இருபத்தேழு வயதாகியும் போகவில்லையே.

யோசனை கேட்டாய். போன மாதம் ஒரு சட்டைத் தொழிற்சாலைக்குப் போனேன். சட்டப்படி பெண்களுக்குப் பத்து மணி நேரம்தான் வேலை. மேஸ்திரி தேனாகப் பேசினான்: "எங்க பொண்ணுங்க அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிருவாங்க மேடம், வேணும்னா ரிஜிஸ்டரைப் பாருங்க." பார்த்தேன். முப்பது பெண்களுக்கும் ஒரே பேனா, ஒரே கை. அதனால்தான் இப்போது ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறோம். வந்த நேரமும் போன நேரமும் அதில் இருக்கும். மேஸ்திரி அன்றன்றைக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆனால் அட்டை அந்தப் பெண்ணிடம்தான் இருக்கும், முதலாளி தொடக்கூடாது. நான் கைப்பற்றுகிற ஒவ்வொரு தாளின் முதுகிலும் அது எங்கே கிடைத்தது, யார் கையெழுத்து, அது எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதிக் கீழே என் பெயரைப் போடுவேன். அதற்கு மேல் எந்த வக்கீலும் வாய் திறந்ததில்லை.

நீயும் அதையே செய். மூன்று நாள் முடித்தவனுக்கு ஓர் அட்டை, அதில் தேதியும் உன் கையெழுத்தும். எங்கள் அச்சகத்தில் சொல்லி, பிரெஞ்சு மொழியில் ஐந்நூறு அட்டை அச்சடித்து அனுப்பியிருக்கிறேன். அந்த மனிதர்களுக்குப் படித்துக் காட்ட நாலு வரியும் எழுதி வைத்திருக்கிறேன்: "இந்த அட்டை உங்களுடையது. இதை வைத்திருப்பவரை இந்த வருஷம் மறுபடி யாரும் வேலைக்குக் கூப்பிட முடியாது. இதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. இது என் வாக்கு. லவீனியா ப்ரூவிட், டொலீடோ."

கொதிக்க வைத்த தண்ணீரையே குடி.
உன் அக்கா
லவீனியா


செந்த் ஓலிவ்
13 ஜனவரி 1918

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டால் கால் வெந்துவிடும், ஆனாலும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிரான்சில் ஆகும்.

உன் அட்டை ஜெயித்துவிட்டது! ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கொல்லையைக் கொத்த ஆள் வேண்டுமென்றால் காலையில் சங்கு ஊதுவான். அக்கம்பக்கத்து ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள். மேளம் தட்டி, பாட்டுப் பாடி ஒரே நாளில் கொத்தி முடிப்பார்கள். கோன்பிட் என்று பெயர். நான் சந்தையில் ஒரு சங்கை வாங்கி, காவலர் ஒருவரை மலையடிவாரத்தில் நின்று ஊதச் சொன்னேன். அறுபத்திரண்டு பேர் வந்தார்கள், அக்கா! கயிறும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். எங்களைக் கண்டதும் முகம் மாறியது உண்மைதான். திரும்பி ஓடவும் பார்த்தார்கள். அப்போது லாபோந் உன் நாலு வரியைப் படித்தார். ஓர் அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றதும் நின்றுவிட்டார்கள்.

முதல் அட்டை வாங்கியவன் பெயர் தெரமேன். நாற்பது வயதிருக்கும். மேளம் தட்டுகிறவன் அவன்தான், நாக்கு நீளம். நான்காம் நாள் காலை அட்டையில் எட்டாம் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு என்னைக் கேட்டான்: "லெப்டினன்ட் ஐயா, சங்கு ஊதுனவங்க வந்தவங்களுக்குச் சாப்பாடு போடணும். நீங்க போடல, சரி, வெளியூர்க்காரங்க, போகட்டும். ஆனா வந்தவன் கூப்பிட்டா ஊதுனவங்களும் மண்வெட்டியோட வரணும். அதான் மொறை. என் கொல்லைக்கு எப்ப வர்றீங்க?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். பிரான்சுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

உன் தம்பி
வெண்டல்


டொலீடோ
10 பிப்ரவரி 1918

அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாதர் சங்கக் கூட்டத்தில் அந்தச் சங்குக் கதையைச் சொன்னேன். ஊரார் வழக்கத்தை மதித்து வேலை வாங்குகிற அதிகாரி என் தம்பி என்று பீற்றிக்கொண்டேன், மன்னித்துக்கொள். கைதட்டல் ஓயவே இல்லை. முன்வரிசையில் ஒரு சீமாட்டி எழுந்து, "அந்த ஆளுங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றாள். "கையெழுத்துப் போடுறவனுக்குத் தெரிஞ்சாப் போதும், மேடம்" என்றேன்.

இங்கே நிலக்கரித் தட்டுப்பாடு. மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்குகிறேன், இருமலும் பிடித்திருக்கிறது. தொழிற்சாலைகள் எல்லாம் ராணுவத்துக்குச் சீருடை தைக்கின்றன. போர் முடிகிறவரை பத்து மணி நேரச் சட்டம் கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. பெண்களிடமிருந்த அட்டைகளையும் திரும்ப வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். தற்காலிகம்தான்.

ஒரு சந்தேகம். தொழில் புத்தி போகாது, கோபித்துக்கொள்ளாதே. மலையைத் தாண்டுகிற சாலைக்கு வாரம் நூறு பேராவது வேண்டும். ஆளுக்கு மூன்று நாள்தான் என்றால் ஐந்நூறு அட்டை இதற்குள் தீரப்போகிறதே? இன்னும் ஆயிரம் அச்சடிக்கச் சொல்லட்டுமா? ஒரு வரி எழுது.

தெரமேன் என்ன சொல்கிறான்? எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. ஒரு நாள் அவன் கொல்லையில் போய் நாலு கொத்துக் கொத்திவிட்டு வாயேன், குறைந்தா போய்விடுவாய்?

உன் அக்கா
லவீனியா


செந்த் ஓலிவ்
28 ஏப்ரல் 1918

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். வேலை அதிகம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கம் மட்டும் சரியில்லை. உன் இருமல் விட்டதா?

மாம்பழம் பழுக்கத் தொடங்கிவிட்டது. என் கழுதைக்கு உன் பெயரை வைத்திருக்கிறேன். சொன்னதைக் கேட்பதில்லை, ஆனால் எந்த மேட்டிலும் ஏறிவிடுகிறது. சாலை மலையுச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மழைக்கு முன் பாறையை உடைத்தாக வேண்டும். மேஜர் வாரத்துக்கு இரண்டு தந்தி அடிக்கிறார். பிரான்சுக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம்.

வேறொன்றும் விசேஷமில்லை. சும்மா ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆலையில் ஒரு பெண்ணின் அட்டை கிழிந்துபோனால் அது செல்லுமா, செல்லாதா?

வெண்டல்


டொலீடோ
20 மே 1918

அருமைத் தம்பிக்கு,

கழுதைக்கு என் பெயரா? வா, காதைத் திருகுகிறேன். இருமல் விட்டது. நீ தூங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? நீ இடி விழுந்தாலும் தூங்குகிற ஆளாயிற்றே.

கிழிந்த அட்டை தாராளமாகச் செல்லும். முழு அட்டைகூட வேண்டாம். தேதியும் கையெழுத்தும் உள்ள பாதி இருந்தால் போதும். இரண்டு விரல் அகலத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரியைக் கோர்ட்டில் தலைகுனிய வைத்திருக்கிறேன். அதனால் யாருடைய அட்டையாவது மழையில் நனைந்து கிழிந்திருந்தால் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

இன்னும் ஆயிரம் அட்டை வேண்டுமா என்று கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. தெரமேனைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. எதற்காகக் கேட்டாய் வெண்டல், கிழிந்த அட்டையைப் பற்றி?

உன் அக்கா
லவீனியா


செந்த் ஓலிவ்
2 செப்டம்பர் 1918

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாயிருக்கிறாயா? மூன்று மாதமாக எழுதாததற்குத் திட்டாதே. நல்ல செய்தியோடு எழுதலாம் என்றிருந்தேன்.

சாலை முடிந்தது! போன வியாழக்கிழமை மேஜரின் கார் மலையைத் தாண்டியது. வழியெல்லாம் கொடி கட்டியிருந்தோம். பள்ளிப் பிள்ளைகளைப் பாட வைக்க நினைத்தேன், லாபோந் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. மேஜர் காரிலிருந்து இறங்கி என் தோளில் தட்டி, "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே, ப்ரூவிட். நானும் காப்பாத்துறேன்" என்றார். இந்த மாதக் கடைசியில் வர்ஜீனியா முகாம், அங்கிருந்து பிரான்சு. உன் காலுறைக்கு வேளை வந்துவிட்டது.

அட்டை அனுப்ப வேண்டாம். நிறைய மிச்சம் இருக்கிறது.

தெரமேன் இப்போது இங்கே இல்லை.

உன் தம்பி
வெண்டல்


செந்த் ஓலிவ்
30 செப்டம்பர் 1918

டொலீடோ நகரம், லவீனியா ப்ரூவிட் அம்மையார் அவர்களுக்கு,

தாங்கள் நலமோடிருக்க வேண்டுகிறேன். நான் எவாரிஸ்த் லாபோந், இவ்வூர்ப் பள்ளி ஆசிரியன். இவ்வூர் அஞ்சலை நம்பாமல், கப்பலில் சமையல் செய்யும் என் உறவினர் மூலம் இதை அனுப்புகிறேன். எப்போது வந்து சேரும் என்று தெரியாது. தங்கள் பெயரையும் ஊரையும், நான் படித்துக் காட்டிய தாளின் அடியிலிருந்து எடுத்தேன்.

சென்ற ஜனவரியில் தங்கள் வாக்கை எங்கள் மொழியில் படித்துக் காட்டியவன் நான். என் வாயிலிருந்து வந்ததால்தான் அவர்கள் நம்பினார்கள். ஆகவே நடந்ததைத் தங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மார்ச் மாதம் தெரமேனைப் பிடிக்க மறுபடியும் காவலர்கள் வந்தார்கள். அவன் அட்டையோடு நேரே லெப்டினன்டிடம் போனான். உடன் போனவர்கள் அவன் மனைவி கிளெமெசினும் நானும். "ஐயா, நீங்க போட்ட கையெழுத்துதானே?" என்றான். லெப்டினன்ட் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குறுக்கே கிழித்துக் கீழே போட்டுவிட்டு, "பாறை முடியட்டும்" என்றார். தெரமேனைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனார்கள். கிளெமெசின் இரண்டு பாதியையும் பொறுக்கிக்கொண்டாள்.

தெரமேன் ஒருவன் மட்டும் அல்ல. மார்ச்சுக்குப் பிறகு யாருக்கும் அட்டை கொடுக்கப்படவும் இல்லை, யாரும் விடப்படவும் இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் லெப்டினன்ட் தனியாகக் கிளெமெசினின் வீட்டுக்கு வந்து அட்டையைக் கேட்டார். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் அவர் எதைத் தேடி வந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. கையெழுத்து இல்லாத பாதியைக் கொடுத்தாள். "இன்னொண்ணை ஆடு தின்னுருச்சு ஐயா" என்றாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து மழை பிடித்தது. கிழங்கு நட வேண்டிய பருவம். தெரமேன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வேலைத் தளத்திலிருந்து கிளம்பினான். ஒளிந்து போகவில்லை. "ஒரே நாள் ஐயா, கொல்லையைக் கொத்திட்டு வந்துடுறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். சுடும்படி லெப்டினன்ட் சொன்னார். காவலர் சுட்டார். காவலரைத் தாக்க வந்தான் என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் மலையில் சங்குச் சத்தம் கேட்டால் ஆண்கள் ஓடி ஒளிகிறார்கள். ஒருவன் கொல்லையில் இன்னொருவன் இறங்குவதில்லை. தனி ஆளால் எவ்வளவு கொத்த முடியும்? பாதி நிலம் கிடப்பில் கிடக்கிறது.

விசாரணை வரும் என்கிறார்கள். இங்கே யாரிடம் கொடுத்தாலும் அட்டை காணாமல் போகும். கிளெமெசின் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாக்குக் குடுத்த அம்மாகிட்டயே குடுத்துருங்க. அந்தம்மா என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

கையெழுத்துள்ள பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கள்
எ. லாபோந்


டொலீடோ
12 டிசம்பர் 1918

வெண்டல்,

நீ விஷக் காய்ச்சலில் விழுந்து பிழைத்தாய் என்று முகாமிலிருந்து தகவல் வந்தது. பிழைத்தாயே, அது போதும் என்று அன்றைக்கு அழுதேன்.

நேற்று லாபோந் எழுதியது வந்தது. உள்ளே ஒரு பாதி அட்டை. தேதி எட்டு ஜனவரி.

கிழித்தது நீயா?

லவீனியா


வர்ஜீனியா முகாம்
3 ஜனவரி 1919

அக்கா,

நான் இன்னும் சரியாக நடக்கவில்லை. பிரான்சையும் பார்க்கவில்லை. கப்பலேற வேண்டிய வாரம் காய்ச்சல், எழுந்து உட்கார்ந்த வாரம் போர் முடிந்துவிட்டது. உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எல்லாரையும் மூன்றாம் நாள் விட்டிருந்தால் அந்தப் பாறை இன்னும் அங்கேயே நிற்கும். ஒருவனை விட்டால் நூறு பேர் அட்டையை நீட்டுவார்கள். அன்றைக்கு என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நம்பு. கிழித்த பிறகு ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கவில்லை. அவன் ஓடிய அன்று, ஒருவனை விட்டால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று மட்டும்தான் தோன்றியது. காவலன் காலில்தான் சுடுவான் என்று நினைத்தேன்.

நீ மட்டும் என்ன? அந்தத் தையல்காரப் பெண்களிடமிருந்து அட்டையைத் திரும்ப வாங்கினாயே, அது எதற்காக? போருக்காகத்தானே? நான் கிழித்தேன், நீ மேசைக்குள் பூட்டினாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

விசாரணை அதிகாரி இங்கே வந்திருந்தார். தெரமேன் தன் மூன்று நாளை முடிக்கவே இல்லை, அவனுக்கு நான் அட்டை எதுவும் கொடுக்கவில்லை, கையெழுத்து இருந்தால் அது யாரோ காவலர் போட்டது என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். லாபோந் சொல்வதை அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பாதி ஒன்றுதான் இருக்கிறது. அடுப்பில் போட்டுவிடு. அம்மா இருந்த இடத்தில் இருந்து என்னை வளர்த்தவள் நீ. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

வெண்டல்


டொலீடோ
1 மார்ச் 1919

அருமைத் தம்பிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். நடக்கிறாயா? சூப்பு ஏதாவது கொடுக்கிறார்களா? காலுறையைப் போட்டுக்கொள், அங்கே ஈரம் அதிகம்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்கு அட்டையை வாங்கியபோது யட்விகா என்கிற போலந்துப் பெண் என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "யார் கேட்டாலும் குடுக்காதேன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? இப்ப நீங்களே வந்து கேக்குறீங்களே?" அதை நான் உனக்கு எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. பதினான்கு மணி நேரம் தைத்துக்கொண்டிருந்தவள், விஷக் காய்ச்சல் வந்ததும் மூன்று நாளில் போய்விட்டாள். போன வாரம் எல்லாருடைய அட்டையையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுடையதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. இதையெல்லாம் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் என்னை அரிக்கிறது. கையெழுத்துள்ள பாதி போதும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதைப் படித்துவிட்டுத்தானே அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றாய்? உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வெண்டல். பயமாக இருக்கிறது. என் பிள்ளை என்று நினைத்திருந்த உன்னை எனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று பயமாக இருக்கிறது.

அடுப்புக்கு முன்னால் இரண்டு தடவை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், போட்டுவிடத்தான் நின்றேன். உன்னை ஜெயிலில் வைத்து நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் கிளெமெசின் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாக்குக் கொடுத்தது நீ இல்லை, நான்.

இன்று காலை பாதி அட்டையையும் லாபோந்தின் கடிதத்தையும் விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எப்போதும் செய்வதுபோல அட்டையின் முதுகில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று மற்றவர் சொல்லி உனக்குத் தெரியக்கூடாது என்பதால் இங்கே தருகிறேன்:

"செந்த் ஓலிவ் ஊரில், தெரமேன் என்பவரின் மனைவி கிளெமெசினிடமிருந்து வந்தது. கையெழுத்து லெப்டினன்ட் வெண்டல் ப்ரூவிட்டுடையது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். முதல் எழுத்தின் வாலைப் பாருங்கள். நாலு வயதில் அவன் விரலைப் பிடித்து அதை எழுதப் பழக்கியவள் நான்.

லவீனியா ப்ரூவிட், அவனுடைய அக்கா."